கடைசியாக வந்தவர்

வேனை விட்டு இறங்கியதிலிருந்தே மாப்பிள்ளை மார்தட்டிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். நாள் முழுக்க அடுத்தவர் கை நடுங்குவதைப் பார்த்துப் பார்த்து, தனக்கு நடுக்கமே வராது என்று ஒரு நினைப்பு. மலைக் குகையின் வாசலிலும் மச்சானைச் சீண்டுவதை நிறுத்தவில்லை.

வழிகாட்டி ஆளுக்கொரு தலைக்கவசத்தை மாட்டி, அதிலிருந்த விளக்கைப் போட்டுப் பார்த்தார்.

"உள்ள வழி ரொம்பக் குறுகல். ஒருத்தர் பின்னால ஒருத்தராத்தான் போகணும். முன்னால போற எனக்குத் திரும்பிப் பாக்க இடம் இருக்காது. அப்பப்போ 'கடைசி?'ன்னு குரல் கொடுப்பேன். கடைசியா வர்றவர் மட்டும் 'வந்துட்டேன்'னு சொல்லணும். வேற யாரும் சொல்லிடக் கூடாது."

"சொன்னா என்ன ஆகும்?" என்றாள் மச்சானின் மனைவி.

"சொல்லக் கூடாதும்மா. அவ்வளவுதான்."

"கடைசி ஆள் நான்தான்," என்று மாப்பிள்ளை முந்திக்கொண்டார். "மச்சானை விட்டா பாதி வழியிலேயே வேட்டி நனைஞ்சிடும்."

"நான் பேன்ட்தான் மாப்ள போட்டிருக்கேன்," என்றார் மச்சான். எல்லாரும் சிரித்தார்கள்.

மாப்பிள்ளையின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. கல்யாணமாகி முதல் முறையாக அவரிடம் ஒன்று கேட்டாள். "எனக்கு இருட்டுன்னா பயம்ங்க. என் பின்னாலயே இருப்பீங்கல்ல?"

"நான் எங்க போகப்போறேன்?" என்று அவள் தோளில் கையை வைத்தார்.

உள்ளே போனதும் வெயிலின் சூடு முதுகிலிருந்து கழன்றது. ஊறிய மண்ணும் வௌவால் எச்சமும் கலந்த நெடி. எங்கோ நீர் சொட்டும் சத்தம். பாறை இரண்டு பக்கமும் தோளை உரசியது. வழிகாட்டியும் மச்சானும் மச்சானின் மனைவியும் முன்னே வளைந்து போனார்கள். அவர்கள் விளக்குகளின் வெளிச்சமும் அவர்களோடு போனது.

"கடைசி?"

"வந்துட்டேன்!" மாப்பிள்ளையின் குரல் கணீரென்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. எல்லாருக்கும் முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறது. தன் முதுகுக்குப் பின்னால் வெறும் இருட்டு.

அந்த இருட்டு மூச்சு விட்டது.

அவர் நின்றார். அதுவும் நின்றது. நடந்தார். ஈரக் காலை இழுத்து வைப்பதுபோல் ஒரு சத்தம் கூடவே வந்தது.

வழி சற்றே அகன்ற இடத்தில், மனைவி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். மாப்பிள்ளை தன் விளக்கை அணைத்தார். சுவரோடு சுவராக ஒட்டி, அவளைத் தாண்டி அடுத்த வளைவுக்குள் போய்விட்டார்.

நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் செய்தது அவர்தான்.

"கடைசி?"

பதில் சொல்ல வேண்டியவள் அவள். தான் கடைசியில் இருப்பது அவளுக்குத் தெரியாதே! சத்தம் வராவிட்டால் குட்டு உடைந்துவிடும். மாப்பிள்ளை வாயைப் பொத்தி, தொலைவிலிருந்து வருவதுபோல் சொன்னார்.

"வந்துட்டேன்."

நீர் சொட்டுவது நின்றது.

பின்னால் மனைவியின் செருப்புச் சத்தம். அதற்கும் பின்னால், ஈரக் கால்கள்.

"என்னங்க?" என்று கிசுகிசுத்தாள் அவள்.

அவர் நடையைக் கூட்டினார். திரும்பவில்லை.

"என்னங்க… கை ஏன் இவ்வளவு ஜில்லுனு இருக்கு?"

அவர் கைகள் இரண்டும் அவர் நெஞ்சின் மேல் இருந்தன.

வழி ஒரு பெரிய மண்டபமாக விரிந்தது. மற்றவர்கள் கூரையில் தொங்கிய கல்விழுதுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனைவி பத்திரமாக வந்து நின்றாள். முகத்தில் பயமே இல்லை.

"எப்படிம்மா வந்தே? வீட்ல கரண்ட் போனாலே கத்துவியே," என்றார் மச்சான்.

"வழி முழுக்க இவர் என் தோள்ல வச்ச கையை எடுக்கவே இல்லண்ணா."

"பரவால்ல மாப்ள!" என்று மச்சான் முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் மாப்பிள்ளை கூனிக் குறுகிப் போனார். பயத்தைவிட வெட்கம்தான் அவரைத் தின்றது. வாழ்நாளில் வாங்கிய பாராட்டுகளில் இதுபோல் எதுவும் சுட்டதில்லை.

திரும்பும்போது வேனின் பின் இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். நல்ல வெயில். முன்னால் பாட்டும் சிரிப்புமாக இருந்தது. அவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"உன் பின்னால நான் வரல," என்றார் தாழ்ந்த குரலில்.

"தெரியும். தாண்டிப் போறப்போ ஒரு முழங்கை என் முதுகுல இடிச்சுது. மண்டபத்துல நீங்க எனக்கு முன்னாலயே நின்னப்போதான் அது உங்களதுன்னு புரிஞ்சுது."

அவருக்கு முகம் எரிந்தது. "அப்புறம் ஏன் எல்லார் முன்னாலயும் அப்படிச் சொன்ன?"

"உங்க மானம் போகக் கூடாதேன்னுதான்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்தாவது சரிக்கட்டியிருப்பார்.

"அப்போ… உன் தோள்ல கை வச்சது?"

அவள் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த அந்நியரிடம் சொல்வதுபோல் சொன்னாள். "கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இடம் பத்தல."

அவர் கதவோரமாக ஒதுங்கினார்.

இருவருக்கும் நடுவே காலியாக இருந்த இருக்கை மெல்ல அமுங்கியது.

அவள் நிம்மதியாகக் கண்ணை மூடி, அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்தாள். தலை கீழே சரியவில்லை. மலைப்பாதையின் வளைவுகள் முடியும்வரை அது அப்படியே, எதன் மேலோ சாய்ந்திருந்தது.