எந்த ஃபாஸில் வேண்டும்?

போன் அலறியது.

திரையில் தெரிந்த பெயரைக் கிருஷாந்தி இரண்டு முறை வாசித்தாள்.

ஃபாஸில் நாநா!

ஆபீசில் எல்லோருக்கும் அண்ணனாக, 'நாநா'வாக இருந்த ஃபாஸில் இறந்து ஒரு மாதமாகிறது. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கீழே, மகாவலியில் பிணமாக...

"ஹ... ஹலோ?"

"பயப்படாதீங்க தங்கச்சி. நான் ரபீகா. அவர்ட போன் இப்ப எங்கிட்டத்தான் ஈக்கி."

ஃபாஸிலின் மனைவி! கிருஷாந்திக்கு மூச்சு வந்தது.

"சொல்லுங்க அக்கா."

"அவர்ட சாமான் எடுக்க இண்டைக்கு ஆபீசுக்கு வாறேன். அதோட ஒண்டு கேக்கணும். அவரு தானாத்தான் ஆத்துல பாஞ்சாரா? நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க. உண்மையச் செல்லுங்க."

கிருஷாந்தி போனை மறு காதுக்கு மாற்றினாள். அவளிடம் வார்த்தைகள் எப்போதும் தாமதமாகவே வரும்.

"மக ஸனா மத்ரஸாவுக்குப் போக மாட்டேங்குறா. 'ஒன் வாப்பா தானாச் செத்தவரு' எண்டு புள்ளைகள் செல்றாங்களாம். எனக்கு வேறொண்டும் வேணாம் தங்கச்சி. அந்த ஒரு சொல்லு பொய்யா ஈந்தாப் போதும்."

இணைப்பு அறுந்தது.

கட்டுகஸ்தோட்டையிலிருந்து அக்குறணைக்குப் போகும் வீதியில் இருந்தது அந்த மிளகு, கராம்பு ஏற்றுமதிக் கம்பெனி. கிருஷாந்திதான் அங்கே கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பு.

ஊழியர்களின் சொந்த ஸெட்டிங்குகள் இதுவரை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடந்தன. எழுத்தின் அளவு, மௌஸ் பழக்கம், திரையில் வைத்த படம்... எல்லாவற்றையும் திரட்டி ஒரே மத்திய டேட்டாபேஸில் சேர்ப்பதுதான் அவளுடைய வேலை. அதன் பிறகு யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும், அவரவர் திரை அவரவரைத் தேடி வரும்.

ஆளில்லாத வீடுகளுக்குள் நுழைந்து, அலுமாரிகளைத் திறப்பது போல இருந்தது அவளுக்கு.

சட்டென்று வேலை நின்றது.

திரை கேட்டது.

'ஃபாஸில்: இரண்டு பதிவுகள் உள்ளன. எதை வைத்துக்கொள்வது?'

இரண்டா?

முதலாவது, அவருடைய மேசையிலிருந்து வந்தது. யானை யானையாக எழுத்துகள். சர்க்கரை நோய் தின்ற கண்கள் அவருக்கு.

இரண்டாவது, ஸ்டோர்ஸ் அறையின் பொதுக் கம்ப்யூட்டரிலிருந்து. பொடி எழுத்து. மௌஸ் பொத்தான்கள் இடக்கைக்கு மாற்றப்பட்டிருந்தன. உருவான திகதி... ஃபாஸில் இறந்த அதே நாள்!

'என்னைத் தேடாதீர்கள்' என்று அவர் பெயரில் நாலு வரி அடிக்கப்பட்டதும் அதே கம்ப்யூட்டரில்தான். அதை வைத்துத்தான் ஊரே தற்கொலை என்றது!

பெரிய எழுத்து இல்லாமல் தன் பெயரையே வாசிக்க முடியாதவர், பொடி எழுத்தில் பிழையில்லாமல் நாலு வரி அடித்தாரா?

இல்லை! வேறு யாரோ அவர் பெயரில் நுழைந்திருக்கிறார்கள். இடக்கைக்காரன் ஒருவன்...

கிருஷாந்தி ஸ்டோர்ஸ் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

ஆபீசே அறிந்த இடக்கைக்காரன் ஒருவன்தான். ஸ்டோர்ஸ் கிளார்க் கணேஸ். தை மாதம் அவள் கழுத்தில் தாலி கட்டப் போகிறவன்!

இரண்டாவது பதிவை அழித்துவிட ஓர் அழுத்தம் போதும். யாருக்கும் தெரியாது. கல்யாணம் மிஞ்சும்.

விரலை மௌஸின் மேல் வைத்தாள். வெளியே லொறி ஒன்று மூட்டை இறக்கிவிட்டுப் போயிற்று.

'அந்த ஒரு சொல்லு பொய்யா ஈந்தாப் போதும்...'

போனை எடுத்து, ஃபாஸிலின் சாவை விசாரித்த இன்ஸ்பெக்டர் ஸமீமை அழைத்தாள்.

பின்னேரம்.

ஸ்டோர்ஸ் அறையில் ரபீகா கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெறும் பை. மனேஜர் நளீர் தேநீர்க் கோப்பையை வலக்கையால் நீட்டினார். ஃபாஸிலின் பால்ய நண்பர். ஜனாஸாவைத் தோளில் சுமந்து அடக்கம் செய்தவர்.

"குடிங்க தங்கச்சி. அழுது அழுது ஒடம்பக் கெடுத்துக்காதீங்க."

மூலையில் சாதாரண சேர்ட்டில் ஸமீம். கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தாள் கிருஷாந்தி. ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டரில் அந்த இரண்டாவது ஃபாஸிலின் ஸெட்டிங்கை ஏற்றி வைத்திருந்தாள்.

"புது சிஸ்டம் ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கணும். கணேஸ், ஸ்டொக் பக்கத்தத் திறங்க."

குரல் அவளுடையதாகவே இல்லை.

கணேஸ் இடக்கையில் இருந்த பேனாவைக் காதில் செருகினான். வலக்கையால் மௌஸைப் பிடித்தான். அழுத்தினான். எதுவோ திறந்தது. மறுபடி அழுத்தினான். வேறெதுவோ!

"என்ன கிருஷா இது? அமுக்குனா என்னென்னமோ வருது! நல்லா இருந்தத மாத்துறேன்னு கெடுத்துட்டியா?"

ஸமீம் முன்னால் வந்தார். "தம்பி, நீங்க இடக்கைதானே?"

"எழுத்து, கிரிக்கெட், அடிதடி எல்லாம் நொட்டாங்கைதான் சார். மௌஸ் மட்டும் சோத்தாங்கை. கம்பளைல படிச்ச கிளாஸ்ல ஒரு கம்ப்யூட்டருக்கு நாலு பேரு. நான் மௌஸ மாத்தி வெச்சா மத்த மூணு பேரும் மொத்துவானுங்க!"

கிருஷாந்தி கண்களை மூடிக்கொண்டாள். அப்படியானால்...?

நளீர் சிரித்தார்.

"எழும்புங்க கணேஸ். இது ஒரு வேலையா? நான் காட்டுறேன்."

உட்கார்ந்தார். மௌஸை அப்படியே இடப்பக்கம் நகர்த்தினார். கிளிக்... கிளிக்...

ஸ்டொக் பக்கம் பூப்போல விரிந்தது!

"இந்தா! நல்லாத்தானே ஈக்கி?"

எல்லோர் கண்களும் மௌஸில் இருந்தன.

அதைக் கண்டுதான் நளீர் குனிந்து, தன் இடக்கையைப் பார்த்தார்.

"சாப்பாடு வலக்கை. எழுத்து வலக்கை. ஸலாம் வலக்கை." ஸமீம் அடையாள அட்டையை மேசையில் வைத்தார். "மௌஸ் மட்டும் இடக்கையா நாநா?"

"சின்ன வயசில... இடக்கைய நீட்டினா உம்மா அகப்பையால அடிப்பா. எல்லாத்தையும் வலக்கைக்கு மாத்திக்கிட்டேன். ரூமுக்குள்ள மௌஸ மட்டும் யாரும் பார்க்கல..."

"கம்ப்யூட்டர் பார்த்திருக்கே! அதுக்குள்ள ரெண்டு ஃபாஸில். ஃபாஸில் செத்த நாள்ல, ஃபாஸில்ட பேருல, நீங்க மாத்தின ஸெட்டிங் இது. பாஸ்வேர்ட் எப்படித் தெரியும்?"

"அவனே சென்னது. கண்ணு தெரியல்ல, தெறந்து தா மச்சான் எண்டு..."

"ஏன் நாநா?" ரபீகா கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

நளீரின் தலை கவிழ்ந்தது.

"மிளகுல, அதே மாதிரி ஈக்கிற பப்பாசி விதையக் கலந்தேன். தரம் பார்க்கிற அவனுக்குக் கண்ணு தெரியாதே எண்டு நெனச்சேன். நாக்கில வெச்சுப் பார்த்துட்டான்! 'நீயாச் செல்லு, இல்லாட்டி நான் செல்றேன்' எண்டான். பாலத்தடியில பேசிக்கிட்டு ஈந்தோம்... தள்ளிட்டேன். பொறகு வந்து அந்த நாலு வரியையும் அடிச்சேன்."

கோப்பையில் தேநீர் ஆறிப்போயிருந்தது. ரபீகா அதைத் தொடவே இல்லை.

"தங்கச்சி... ரெண்டு ஃபாஸில் எண்டாரே. எத வெச்சிக்கப் போறீங்க?"

இரண்டாவதன் பிரதி ஏற்கெனவே ஸமீமின் கையில். கிருஷாந்தி முதலாவதைத் திறந்தாள்.

பெரிய எழுத்துகள். அவற்றுக்குப் பின்னால் ஸனா, முன்பல் விழுந்த சிரிப்போடு.

ரபீகா திரையை விரலால் தடவினாள்.

"இவருதான்," என்றாள். அப்போதுதான் அழுதாள்.

ஸமீம் விலங்கை எடுத்தார். பழக்கதோஷத்தில் நளீர் வலக்கையை மட்டும் நீட்டினார்.

"ரெண்டையும் நீட்டுங்க நாநா. விலங்குக்கு ஸெட்டிங் எல்லாம் கிடையாது!"