பொட்டு வைத்த வாள்

"என் பேரு தண்டபாணி. வயசு இருபத்தேழு. ஆக்லாந்துல, மாசிங்கற ஏரியால, எங்க அக்கா சுந்தரி வீட்டு கராஜ்ல உக்காந்திருக்கறேன். மணி சாயங்காலம் அஞ்சேகால். இத நான் கையால டைப் பண்ணல. என் கை ரெண்டையும் நானே கட்டிப் போட்டிருக்கறேன். அம்மா, பதறாம முழுசாப் படிங்க."

பெயிண்ட் டப்பாவில் சாய்ந்திருந்த போனின் திரையில் அவன் சொல்லச் சொல்ல எழுத்து விழுந்துகொண்டிருந்தது. கராஜ் கதவின் அடியில் வசந்த கால வெயில் கோடாகக் கிடந்தது. வெளியே யாரோ புல் வெட்டும் சத்தம். எமரிக் கல் கருகிய வாசம் சுவரிலெல்லாம் ஒட்டியிருந்தது. அந்த வாசம் அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் அப்பாவின் லேத் பட்டறை முழுக்க அந்த வாசம்தான். ஆனால் இந்த வீட்டில் அதற்கு வேலை இல்லை. மச்சான் விநாயகமூர்த்தி மனுகாவில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர். மூலையில் கிடக்கும் சாணை மெஷினை வாங்கியதோடு சரி, ஒருநாளும் ஓட்டியதில்லை.

எட்டு நாளைக்கு முன்னால் தண்டபாணி வியன்னாவில் இருந்தான். ஆக்லாந்தின் மங்கரேயில் ஏர்போர்ட் பக்கம் பேக்கிங் மெஷின் பழுது பார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். கடைசி நாள். இரவுதான் விமானம். பொழுது போகவேண்டுமே என்று காலையிலேயே ஊரின் வரலாற்று மியூசியங்களைச் சுற்றக் கிளம்பினான். முதலாவதில் ராஜாக்களின் தங்க வண்டிகளைப் பார்த்தான், கால் வலித்தது. இரண்டாவது, ஒரு பழைய கட்டடத்தின் நிலவறை. அந்தக் காலத்துக் கோர்ட்டும் தண்டனையும் பற்றியது. படி இறங்க இறங்கக் குளிர் கணுக்காலைப் பிடித்தது. கூட்டமே இல்லை. கடைசி அறையில், துடைப்பதற்காகவோ என்னவோ, ஒரு கண்ணாடிப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு வாள்.

பட்டறைக்காரன் மகனுக்கு இரும்பைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். இந்த வாளுக்கு நுனி இல்லை. தட்டையாக, மொட்டையாக முடிந்தது. குத்துவதற்குச் செய்ததல்ல. பிடி நீளம், இரண்டு கைக்கு. பக்கத்தில் இருந்த அட்டையைப் போனில் மொழிபெயர்த்துப் படித்தான். தலை வெட்டுபவனின் வாள். கடைசியாக அதற்குக் கழுத்தைக் கொடுத்தது ஒரு வேலைக்காரப் பெண். மண்டியிட்டுத் தலையைக் குனிந்திருக்கிறாள். மூன்று வெட்டு விழுந்ததாம். நடுவில் அவள் எழுந்துகொள்ளப் பார்த்தாளாம்.

அப்போதுதான் வீடியோ கால் வந்தது. ஊரிலிருந்து அம்மா, ஆக்லாந்திலிருந்து அக்கா, அக்கா மடியில் ஆறு வயது மஹதி.

"ஆயுத பூசையாச்சேடா கண்ணு, ஏதாச்சும் ஒரு சாமானத்துக்குப் பொட்டு வெச்சயா?" என்றாள் அம்மா. வருடம் தவறாமல் கேட்பாள். அவன் பர்ஸில் மருதமலைக் குங்குமப் பொட்டலம் எப்போதும் இருக்கும். வெர்னியர் காலிப்பருக்கோ ஸ்பானருக்கோ வைத்துவிடுவான். அன்றைக்கு டூல் பாக்ஸ் பயிற்சிக் கூடத்தில் பூட்டிக் கிடந்தது.

"சாமான் இல்லீங்ம்மா. ஆனா பாருங்க, இங்க ஒரு ஒரிஜினல் ஆயுதமே இருக்குது."

கேமராவைத் திருப்பிக் காட்டினான். அக்கா சிரித்தாள். "ஏன்டா, காலிப்பருக்கு வெக்கறவன் இதுக்கு வெக்க மாட்டியா? வையி வையி. பூசணிக்கா மட்டுந்தான் பாக்கி."

"இஸ் இட் ரியல், மாமா?" என்றாள் மஹதி.

மோதிர விரலில் குங்குமத்தைத் தொட்டு, சட்டென்று, மொட்டை நுனிக்கு மேலே ஒரு பொட்டு. இரும்பு சில்லென்று இல்லை. கதகதப்பாக இருந்தது.

"வெச்சதோட விட்ராத," என்றாள் அம்மா. "நாளைக்கு விஜயதசமிக்கு எடுத்து ஒரு வேலையாச்சும் செஞ்சு தொடங்கோணும். பொட்டு வெச்ச கையிதான் எடுக்கோணும். தொடங்கிட்டா வருசம் பூராவும் நிக்காம ஓடும்."

விஜயதசமி அவனுக்கு விமானத்திலேயே கழிந்தது. அம்மா சொன்னதை அவன் மறந்தே போனான்.

கம்பெனியில் ஒரு வாரம் லீவு கொடுத்திருந்தார்கள். வந்த மறுநாளிலிருந்து தூக்கம் தலைகீழ். ராத்திரி முழுக்க விழிப்பு. மதியம் இரண்டு மணிக்குக் கட்டையைப் போட்டது போல விழுந்தால் ஐந்துக்குத்தான் கண் திறக்கும். அந்த நேரத்தில் வீட்டில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள். முதல் நாள் எழுந்தபோது மோதிர விரல் நுனி சிவப்பாக இருந்தது. பர்ஸைத் திறந்து பார்த்தான். குங்குமப் பொட்டலம் பிரிந்திருந்தது. தூக்கத்தில் நெற்றிக்கு வைத்திருப்போம் என்று கண்ணாடி பார்த்தான். நெற்றியில் ஒன்றுமில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டுக் குணரத்தினம் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர், தனி ஆள், ஆறு கோழிகள் அவருக்குச் சொந்தம் பந்தம் எல்லாம்.

"தம்பி, மஹதிக் குட்டியிட்டச் சொல்லுங்கோ, கோழிக்குப் பொட்டு வைச்சு விளையாட வேண்டாமெண்டு. ஆறுக்கும் கழுத்தில குங்குமம்."

"அவ பகல் பூராவும் ஸ்கூல்லதான இருந்தாளுங்க அங்கிள்."

"உங்கட கோயமுத்தூர்த் தமிழ் கேக்க நல்ல இனிப்பு. ஆனா ஒண்டையும் ஒத்துக்கொள்ள மாட்டியள்," என்று சிரித்தார்.

மறுநாள் தண்டபாணி ஐந்து மணிக்கு எழுந்து வெளியே வந்தபோது அவர் சிரிக்கவில்லை. வேலியைப் பிடித்தபடி நின்றார். புல்லின் மேல் ஆறு உடல்கள், இறக்கை விரித்தபடி. சற்றுத் தள்ளிப் பலகையில் ஆறு தலைகள், அலகெல்லாம் ஒரே பக்கம் பார்க்க, வரிசையாக. ரத்தம் பலகையிலிருந்து சொட்டி எறும்பு மொய்த்திருந்தது.

"நாயெண்டால் கடிச்சு இழுத்திருக்கும். இது ஒரே வெட்டுத் தம்பி. போலீசுக்கும் சொன்னன். கோழிக்கு ஆர் வருவினம்?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அதுசரி, மத்தியானத்தில உங்கட கராஜுக்குள்ள என்ன மெசின் ஓடுது? ரெண்டு நாளாப் பெரிய சத்தம்."

தண்டபாணி கையைப் பார்த்தான். நகக்கண்ணில் கறுப்பு. உள்ளங்கையில் புதுக் கொப்புளம். கராஜுக்குப் போய்ப் பார்த்தான். சாணைக் கல்லைத் தொட்டான். சூடாக இருந்தது. மச்சான் பழைய ட்ரெய்லரிலிருந்து கழற்றி மூலையில் சாய்த்திருந்த பட்டை ஸ்பிரிங்கைக் காணவில்லை. ஒரு ஆள் கை நீளத்துக்கு நல்ல எஃகு.

கனவுகள் மதியத்தில் வந்தன. ஒரு சதுக்கம், மரத்தூள், ஈரத் துணி வாசம், ஆயிரம் பேர் மூச்சை அடக்கும் சத்தம். முன்னால் ஒரு பெண்ணின் பின்கழுத்து. தோளிலிருந்து இடுப்பு திரும்பும் விசை, எலும்பில் இரும்பு ஏறும் அந்தச் சின்னத் தடங்கல், பிறகு தடங்கல் இல்லாமை. வெந்நீர் போல முகத்தில் தெறிப்பது. பயமாக இல்லை என்பதுதான் விழித்த பிறகு பயமாக இருந்தது. கை பழகிய வேலை செய்தது போல இருந்தது.

நேற்று இரவுச் சாப்பாட்டில் மஹதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒய் ஆர் யுவர் ஹேண்ட்ஸ் ஹோல்டிங் நத்திங்?"

குனிந்து பார்த்தான். மேசைக்கு அடியில் அவனுடைய இரண்டு கைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக, இல்லாத ஒரு பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. பிரித்தான். கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன.

மஹதி தண்ணீர் எடுக்க எழுந்து திரும்பினாள். இரட்டைப் பின்னலுக்கு நடுவே பின்கழுத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

"யாரு வெச்சது?" தோளைப் பிடித்து நிறுத்திக் கேட்டான்.

"யூ டிட், மாமா. ஆன் தி சோஃபா, பிஃபோர் டின்னர். யூ வேர் ஸ்லீப்பிங்."

"நல்ல மாமன்டா நீ, தூக்கத்துலயும் மருமகளுக்குப் பொட்டு வெக்கற," என்று அக்கா சிரித்தாள்.

ஈரத் துண்டால் அந்தப் பொட்டை அவன் அழுத்தித் துடைத்தான், மஹதி கத்தும் வரைக்கும். மிச்சக் குங்குமத்தை டாய்லெட்டில் கொட்டித் தண்ணீர் விட்டான். அக்காவிடம் பாதி சொன்னான். "ஜெட்லாக்டா. நாளைக்கு ஜிபி டாக்டருகிட்டப் போலாம்," என்றாள். நாளைக்கே வேறு எங்காவது ரூம் எடுத்துப் போய்விடுவது என்று அவன் முடிவு செய்திருந்தான்.

இன்று மதியம் தூங்கக்கூடாது என்று நான்கு காபி குடித்தான். பையைக் கட்டி வாசலில் வைத்தான். அக்கா வந்ததும் சொல்லிவிட்டுப் போகலாம் என்று நின்றபடியே இருந்தான். சுவரில் சாய்ந்தது நினைவிருக்கிறது.

விழித்தபோது மணி ஐந்து. முழங்கை வரை ஈரம். சிவப்பு. பிசுபிசுப்பு காயத் தொடங்கியிருந்தது.

ஜன்னல் வழியே குணரத்தினம் தெரிந்தார். எப்போதும் போல வெயிலுக்கு முதுகைக் காட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டு, "அங்கிள்," என்று கூப்பிட்டான். அவர் திரும்பவில்லை. மடியில் கை கோத்திருந்தது. வெள்ளைச் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. சட்டைக் காலருக்கு மேலே ஒன்றும் இல்லை. தலை வேலிக் கட்டையின் மேல் இருந்தது, இந்த வீட்டைப் பார்த்தபடி. கழுத்தில் ஒன்றல்ல, மூன்று வெட்டு.

போலீசுக்குப் போன் செய்ய எடுத்தான். விரல்கள் அழுத்தவில்லை. போனை நழுவவிட்டன. மூக்கால் அழுத்தினால் எண்கள் தப்பித் தப்பி விழுந்தன; பெரிதாக இருந்த அக்காவின் பெயரை மட்டும்தான் அழுத்த முடிந்தது. அவள் வண்டி ஓட்டும்போது எடுப்பதே இல்லை. மஹதியை அழைத்துக்கொண்டு ஐந்தரைக்கு வந்துவிடுவாள். ஓடலாம் என்றால் எங்கே ஓடினாலும் இந்தக் கையும் கூட வரும். வாய் மட்டும்தான் அவனுடையதாக மிச்சம் இருந்தது.

குடும்ப குரூப்பைத் திறந்து மூக்கால் மைக்கை அழுத்தினான். பிறகு வயர் கட்டும் பிளாஸ்டிக் ஜிப் டை ஒன்றை எடுத்து, மணிக்கட்டு இரண்டையும் சேர்த்து, பல்லால் இழுத்து இறுக்கி, இன்னொன்றால் பட்டறை மேசையின் காலோடு கட்டிக்கொண்டான். போனை அழுத்த மறுத்த கைகள் கட்டுவதற்கு மட்டும் மறுக்கவில்லை. அப்போது அதை அவன் யோசிக்கவில்லை.

"அவ்வளவுதான்ம்மா நடந்தது," என்று முடித்தான். "அனுப்பு."

'அனுப்பு' என்று அதுவும் எழுத்தாகித் திரையில் விழுந்தது.

பச்சை அம்புக்குறி ஒரு முழத் தூரத்தில் இருந்தது. காலை நீட்டினான். எட்டவில்லை. உடம்பை இழுத்தான். மேசை நகரவில்லை.

"அனுப்பு. சென்ட். ஐயோ சாமி, சென்ட்."

எழுத்துகள். இன்னும் எழுத்துகள். எதுவும் போகவில்லை.

புல் வெட்டும் சத்தம் நின்றது. அந்த அமைதியில், மேசைப் பலகையின் அடியில், அவன் விரல்கள் எதையோ தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது. டேப் போட்டு ஒட்டியிருந்தது. நீளமாக. வழுவழுவென்று. கூராக. ஒரு முனை மொட்டையாக.

அவன் ஓடி வந்து உட்கார்ந்தது இந்த இடத்தில். இடத்தைத் தேர்ந்தது கை.

டேப் கிழிந்தது. மேசைக் காலில் இருந்த ஜிப் டை விளிம்பில் ஒரு முறைதான் உரசியது. அறுந்தது. மணிக்கட்டுக் கட்டு அப்படியே இருந்தது. அதை அறுக்கத் தேவையில்லை. அந்த வாளுக்கு இரண்டு கையும் சேர்ந்துதான் இருக்கவேண்டும்.

எழுந்து நின்றான். நிற்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நின்றான்.

வெளியே காரின் சத்தம். ரிமோட்டின் க்ளிக். கராஜ் கதவு மெல்ல மேலே ஏறியது. முதலில் வெயில். பிறகு அக்காவின் கார்ச் சக்கரம். பிறகு சின்னக் கறுப்பு ஷூ இரண்டு, ஓடி வந்தன.

மஹதி ஒருநாளும் கதவு முழுக்கத் திறக்கும் வரை காத்திருப்பதில்லை. குனிந்து நுழைந்துதான் பழக்கம்.

காலையில் டாட்டா சொல்லக் கட்டிப்பிடித்தாள். நகக்கண்ணில் ஒட்டியிருந்த குங்குமத்தோடு தன் கை அவள் பின்கழுத்தைத் தடவியது இப்போது நினைவுக்கு வந்தது.

கதவு அவள் இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது. தலையைத் தாழ்த்தினாள். இரட்டைப் பின்னல் இரண்டு பக்கமும் விழுந்தது. நடுவில் பொட்டு. தோளிலிருந்து அவன் இடுப்பு திரும்பத் தொடங்கியது.

கத்தினான். கத்தியதைப் போன் எழுதிக்கொண்டது:

"மஹதி குனியாத குனியாத அக்கா புடி அவள."

அதற்கு மேலே, அவன் முன்பே சொல்லி வைத்த வரி இன்னும் போகாமல் கிடந்தது:

"இதப் படிக்கறவங்க யாரா இருந்தாலும் எங்க அக்காவுக்கு உடனே போன் பண்ணுங்க. மஹதியக் கூட்டிட்டு வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லுங்க."