முப்பத்து மூன்று என்றால் எத்தனை?

"என் கால் முப்பத்து மூணு, டீச்சர்" என்றாள் ஃபிர்தௌஸ்.

"முப்பத்து மூணு என்ன?" என்று கேட்டார் ரங்கம்மாள் டீச்சர்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆம்பூரில் பாதி வீடுகளில் யாராவது ஒருவர் ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். பிள்ளைகளுக்குக் கால் அளவு பிறந்த நாளைப் போல மனப்பாடம். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது என்று ஒருவரும் யோசித்ததில்லை.

"சென்டிமீட்டர்!" என்றான் அஸ்பாக். ஸ்கேலைக் காலடியில் வைத்துப் பார்த்தான். இருபத்தொன்றைத் தாண்டவில்லை.

"அப்ப இஞ்ச்!"

"முப்பத்து மூணு இஞ்சுன்னா அது யானைக் காலுடா!" என்றது பின்வரிசை.

டீச்சர் சிரித்துக்கொண்டே கேள்வியைக் கரும்பலகையில் எழுதினார். "இந்த வாரம் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாத்துக்கும் இதுதான் பாடம். வீட்ல விசாரிச்சிட்டு வாங்க. நாளன்னிக்கு எல்லார் காலையும் இங்கயே அளக்கலாம்."

தன்னால் வந்த கேள்வி என்று ஃபிர்தௌஸுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தோழி நிஷா சொன்னாள்: "நாளன்னிக்கு நான் லீவு."

"இன்னாத்துக்கு?"

"வயித்து வலி."

"நாளன்னிக்கு வர்ற வலி இன்னிக்கே தெரிஞ்சிடுச்சா?"

நிஷா சிரிக்கவில்லை. ஓரமாக நின்று இடது ஷூவைக் கழற்றிக் காட்டினாள். முன்பக்கம் பஞ்சு அடைத்திருந்தது.

"ரெண்டு வயசுல பைக்ல இருந்து விழுந்தேன். அப்பலேர்ந்து இந்தக் கால் வளர்றது கம்மி. வலது முப்பத்து மூணு, இது முப்பத்து ஒண்ணு. அஸ்பாக் பார்த்தான்னா வருஷம் பூரா கிண்டல் பண்ணுவான். யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்" என்றாள் ஃபிர்தௌஸ். பெருமையெல்லாம் போய்விட்டது.

அம்மா நசீமுன்னிசாவை ஃபிர்தௌஸ் 'அம்மி' என்றுதான் கூப்பிடுவாள். அவர் கம்பெனியில் ஷூக்களை ஜோடி சேர்த்துப் பெட்டியில் வைப்பவர். ஃபிர்தௌஸ் கேட்டதும் அவரும் யோசித்தார்.

"ஷூ தைக்கிறதுக்குக் கால் மாதிரி ஒரு அச்சு இருக்கும்ல, அதுல முப்பதாம் நம்பரையும் முப்பத்து மூணையும் பக்கத்துல வெச்சா, சரியா ரெண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இருக்கும்."

ஃபிர்தௌஸ் விரல் விட்டு எண்ணினாள். "மூணு நம்பருக்கு ரெண்டு சென்டிமீட்டர். முப்பத்து மூணுக்கு இருபத்திரண்டு! ஆனா என் கால் இருபதரைதானே இருக்கு?"

"விரல் அசைய இடம் வேணாமா?"

கணக்கு சரியாகிவிட்டது. நிஷாவின் கவலை மட்டும் அப்படியே இருந்தது.

அலமாரியின் கீழ்த்தட்டில் அப்பாவின் செருப்பு இருந்தது. அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகிறது. அதை யாரும் நகர்த்துவதில்லை. ஃபிர்தௌஸ் குனிந்து பார்த்தாள். தோலில் அவர் விரல்களின் தடம் பதிந்திருந்தது. இடது கட்டைவிரல் தடம் மட்டும் கொஞ்சம் முன்னால் இருந்தது.

"அம்மி, அப்பாவுக்கு ரெண்டு காலும் வேற வேற அளவா?"

அம்மி செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தத் தடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இடது கால் செருப்புதான் கடிக்குதுன்னு சொல்லிட்டே இருப்பார்" என்றார். பிறகு தன் கால்களை நீட்டினார். "என்னோடதையும் அளந்து பாரு."

அம்மியின் கால்களும் சமமாக இல்லை. ஃபிர்தௌஸின் கால்களும்தான்.

"அப்ப ஏன் ரெண்டு ஷூவையும் ஒரே அளவா தைக்கிறீங்க?"

"ஒண்ணு நீளமா இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கம்மா!"

மறுநாள் காலை ஃபிர்தௌஸ் டீச்சரிடம் போனாள். "ரெண்டு காலும் சமமான்னும் பார்க்கலாமா டீச்சர்? வீட்லயே பேப்பர்ல வரைஞ்சு வெட்டிட்டு வர்றோம். பேர் வேணாம். இங்க கம்பெனி மாதிரி ஜோடி சேர்க்கலாம்."

டீச்சர் அவளை ஒரு கணம் பார்த்தார். காரணம் கேட்கவில்லை. "சரி" என்றார்.

டீச்சர் அதை வகுப்பில் அறிவித்ததும், "சொல்லிட்டியா?" என்று நிஷா முறைத்தாள்.

"இல்லடி. என் காலே ஜோடி இல்ல. நாளைக்கு வந்து பாரு."

நிஷா வந்தாள். தன் காகிதங்களை மற்றவற்றோடு கலந்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். இடது கால்கள் ஒரு குவியல், வலது கால்கள் ஒரு குவியல். ஒரே நீளம் இருந்தால்தான் ஜோடி. சூப்பர்வைசர் அஸ்பாக்.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசரே கத்தினான். "டீச்சர், இது என்னோட வலது கால். வேற யார் காலோடயோ ஜோடி சேர்ந்துடுச்சு! என் இடது கால் மூணு மில்லிமீட்டர் ஜாஸ்தி!"

"எனக்கு நாலுடா!"

"எனக்கு ரெண்டுதான்" என்று ஒருவன் வருத்தப்பட்டான்.

ஒவ்வொருவராகத் தன் பெயரோடு எழுத, கரும்பலகையில் வித்தியாசப் பட்டியல் நீண்டது. கடைசியில் எந்த வலது காலோடும் பொருந்தாமல் ஒரு சின்ன இடது கால் தனியாகக் கிடந்தது.

"இது யாருது?" என்றான் அஸ்பாக்.

ஃபிர்தௌஸ் கரும்பலகைப் பட்டியலில் கண்ணைப் பதித்தாள். யார் பக்கமும் பார்க்கவில்லை.

"என்னோடது" என்றாள் நிஷா. குவியலிலிருந்து தன் வலது காலைத் தேடி எடுத்து அதன் மேல் வைத்தாள்.

அஸ்பாக் ஸ்கேலை வைத்தான். மறுபடியும் வைத்தான். "பதிமூணு மில்லிமீட்டர்! அடேங்கப்பா! என்னைவிட பத்து ஜாஸ்தி!"

நிஷா கரும்பலகைக்குப் போனாள். எல்லாப் பெயர்களுக்கும் மேலே தன் பெயரைப் பெரிதாக எழுதினாள்.

பிறகு சாக்பீஸை அஸ்பாக்கிடம் நீட்டினாள். "உன் பேரு இன்னும் எழுதலையே. கீழ எழுது."