ஞாயிற்றுக்கிழமையும் லேட்டா?

இப்போதெல்லாம் யாரும் மனிதனிடம் கேட்பதே இல்லை. எதிரில் குத்துக்கல் மாதிரி ஆள் நிற்கும்போதே கம்ப்யூட்டரிடம் போய்க் கேட்கிறார்கள். அது என்ன சொன்னாலும் தலையாட்டுகிறார்கள்.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன். அன்று காலை பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டார்.

"போன மாசம் பன்னிரண்டு நாள் லேட்டாமே, அண்ணே? திங்கட்கிழமையிலிருந்து வேற ஆள் வேன் ஓட்டட்டும்."

"யாரும்மா சொன்னது?"

ஒரு தாளைக் காட்டினார். அறிக்கையாம். எழுதியது யார் தெரியுமா? என் வேனின் முன் இருக்கையில் ஓயாமல் பேசிக்கொண்டு வரும் ஆறாம் வகுப்புச் சில்வண்டு!

மதிய இடைவேளையில் கம்ப்யூட்டர் அறைக்கே போய்விட்டேன்.

"ஏய் சில்வண்டு! உன்னால என் வேலை போச்சு."

அவள் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள். "ஐயோ, வேன் தாத்தா! கணக்கு டீச்சர் செய்யச் சொன்னாங்க. வாட்ச்மேன் மாமா நோட்டுல நீங்க வர்ற நேரம் இருக்குமே, அதைத்தான் போட்டேன். பாருங்க, மேல நான் எழுதின வாக்கியம். நடுவுல கம்ப்யூட்டருக்கு நான் கொடுத்த கட்டளை. கீழ அது சொன்ன விடை. எல்லாம் ஒரே பக்கத்துல."

"அடுப்பும் சோறும் ஒரே தட்டுலயா?"

"ஆமா தாத்தா. எப்படிச் சமைச்சோம்னு எல்லாரும் பாக்கலாம்ல?"

"அப்ப நானும் பாக்கறேன். எந்தெந்த நாள் லேட்டு? படி."

"அஞ்சாம் தேதி, சனிக்கிழமை. ஆறாம் தேதி, ஞாயித்துக்கிழமை..."

"ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல துணி துவைச்சேன். அதுக்கும் லேட்டா?"

அவள் சிரிக்கவில்லை. கட்டளையை விரல் வைத்துப் படித்தாள். "எட்டரைக்குள்ள வந்தா சரி. மத்ததெல்லாம் லேட்டு." பிறகு மெல்லச் சொன்னாள். "லீவு நாள்ல நேரமே எழுதலை. அந்த வெறும் கட்டத்தையும் லேட்டுன்னு எண்ணச் சொல்லிட்டேன். என் தப்பு, தாத்தா."

பக்கத்தில் இருந்த பையன் கிசுகிசுத்தான். "வாயைத் திறக்காம மாத்திடு. தெரிஞ்சா மார்க் போயிடும்."

அவள் ஒரு நொடி உதட்டைக் கடித்தாள். பிறகு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நேராகப் பெரிய டீச்சர் அறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

"டீச்சர், நான் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்" என்று நடந்ததைச் சொன்னாள். அங்கேயே கட்டளையைத் திருத்தினாள். வாக்கியத்தில் இருந்த பன்னிரண்டு தானாகவே இரண்டாக மாறியது. லேட்டான நாளுக்கு ஒன்றாகக் கீழே வரிசையாக நின்ற சிவப்புக் கோடுகளில் பத்தைக் காணோம்!

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் சரியாப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்களே ஓட்டுங்க, அண்ணே. ஆனா அந்த ரெண்டு நாள்?"

சில்வண்டு மளமளவென்று தட்டினாள். 'ஒரு நாள் டயர் பஞ்சர். இன்னொரு நாள் நான் ஷூவைத் தேடிக்கொண்டிருந்தேன், தாத்தா காத்திருந்தார்.'

வெளியே வந்ததும் கேட்டாள். "இப்பவாவது கம்ப்யூட்டரை நம்புவீங்களா, தாத்தா?"

"உன்னை நம்பறேன். அதை எப்படி நம்பறது? காலையில பன்னிரண்டுன்னுச்சு, மத்தியானம் ரெண்டுங்குது. சாயங்காலம் என்ன சொல்லுமோ!"

சொல்லிவிட்டு வேனை நோக்கி நடந்தேன்.