ஒரே வாரத்தில் எழுந்த மரவீடு

“பேய்தான் வந்து ஆணி அடிச்சுதுன்னு சொல்லுங்க, நம்பிடறேன். ஆனா பேய் ஜன்னலுக்கு வர்ணம் அடிக்குமா சார்?”

“என்ன வர்ணம்?”

“சாம்பல் கலந்த நீலம். என் வீட்டுக்காரிக்குப் பிடிச்ச வர்ணம். அதுதான் எனக்கு வலிக்குது.”

“கூரை?”

“முழுசா தகரம் போட்டிருக்கு. தரைக்குப் பலகை அடிச்சிருக்கு. ஜன்னல் ரெண்டும் புதுசு. போன வாரம் நானும் அவளும் சேர்ந்துதான் அந்தப் பழைய கூரையைப் பிரிச்சோம். மேல பார்த்தா வானம், கீழ பார்த்தா மண். இன்னிக்குக் காலையில போறேன், வீடே முடிஞ்சு கிடக்கு. ஒரே வாரத்துல. கதவு மட்டும்தான் பாக்கி.”

துப்பறிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு ஊர் வைத்த பெயர் ‘நிதானம்’. அடுத்த அறை தீப்பிடித்தால்கூட எந்த மூலையில் பிடித்தது என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார் என்பார்கள். எதிரே இருந்தவர் நகரத்தின் மறுகோடியில் தையல் கடை வைத்திருப்பவர். நாற்பதைத் தொடாத வயது. சட்டை அவரே தைத்தது என்பது தோளில் ஒரு சுருக்கம்கூட இல்லாததிலேயே தெரிந்தது. இடது கைக் கட்டைவிரல் நகம் மட்டும் கன்றிக் கறுத்திருந்தது.

“விரல்ல என்ன?”

தையற்காரர் அதை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார். “எங்கயோ இடிச்சுக்கிட்டேன் போலிருக்கு.”

ஜன்னலோரம் நின்றிருந்த மச்சானுக்குப் பொறுக்கவில்லை. துப்பறிவாளருடைய மனைவியின் தம்பி அவன். பார்த்த வேலையையெல்லாம் விட்டுவிட்டு அக்காள் வீட்டுக்காரருக்குத் துணையாக வந்து சேர்ந்தவன். “ஒரு வாரத்துல இவ்வளவு வேலைன்னா ஆறு பேராவது வேணும் அத்தான். ஆறு பேர் வந்து போனா அக்கம்பக்கம் பார்த்திருக்கும்.”

“அக்கம்பக்கமே இல்ல தம்பி,” என்றார் தையற்காரர். “அது ஏரிக்கு மேல, சரிவுல இருக்கு. முப்பது வருஷமா ஆள் இல்லாம கிடந்த மரவீடு. கல்யாணமான புதுசுல நடந்து போறப்போ பார்த்தோம். அவ உள்ள எட்டிப் பார்த்துட்டு, ‘இது யாரையோ காத்துக்கிட்டிருக்கு’ன்னா. சேர்த்து வெச்சிருந்ததைப் போட்டு வாங்கிட்டோம். கடையில லீவு விடற நாளெல்லாம் அங்கதான்.” அவர் குரல் தணிந்தது. “அந்த வீடு எங்களுக்குக் குழந்தை மாதிரி சார். அதுக்கு வேற ஒருத்தன் கை பட்டிருக்கு. அவ கூட்டிட்டு வராம யார் வருவா? அவன் யாருன்னு மட்டும் சொல்லுங்க. சண்டைக்குப் போக மாட்டேன். அவ இன்னும் என்னோடதான் இருக்காளான்னு எனக்குத் தெரியணும்.”

“யார் மேலயாவது சந்தேகம்?”

“சரிவுக்குக் கீழ ஒரு தச்சர் இருக்கார். அவ அவர்கிட்ட ரொம்ப சிரிச்சுப் பேசுவா.”

தச்சர் பட்டறை வாசலில் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. மூவரும் போய் விஷயத்தைச் சொன்னதும் இழைப்புளியைக் கீழே வைத்தார்.

“அந்தத் தரையை நான் போட்டேன்னா சொல்றீங்க? மானநஷ்ட வழக்குப் போட்டுடுவேன். அந்தப் பலகையெல்லாம் தறிச்ச அழகைப் பார்த்தீங்களா? நான் இதுவரை மரத்துக்கு அப்படி ஒரு கொடுமை பண்ணினதில்ல.”

மச்சான் சிரித்துவிட்டான். தையற்காரர் சிரிக்கவில்லை. தச்சர் அவரை ஒரு கணம் பார்த்து, குரலை மாற்றிக்கொண்டு, “விரல் எப்படி இருக்கு?” என்று கேட்டார்.

“என் விரலைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரியும்?”

தச்சர் மறுபடி இழைக்கத் தொடங்கினார். “இந்தக் கதவை மதியம் வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க உங்க வீட்டம்மா,” என்றார் கடைசியில், மரத்தைப் பார்த்தபடியே.

சரிவில் ஏறும்போது வேலியோரம் ஒரு பெரிய நாய் படுத்திருந்தது. நன்றாக வளர்ந்து முறுக்கேறிய உடம்பு. இவர்களைக் கண்டதும் எழுந்து வந்து தையற்காரரின் முழங்காலில் தலையைத் தேய்த்தது. அவர் ஒதுங்கினார்.

“இது யாரோட நாய்னு தெரியல. இந்த வேலிக்காரர் வீட்டுல ஒரு குட்டிதான் இருக்கு. உள்ளங்கையில அடங்கும். போன வாரம்கூட என் செருப்பு வாரைக் கடிச்சுப் போட்டுடுச்சு.”

துப்பறிவாளர் நாயின் காதைத் தடவிக்கொடுத்தார்.

மரவீடு ஏரியைப் பார்த்து நின்றது. தண்ணீரின் மேல் புகைபோல ஒரு வெளிச்சம். வீட்டின் நீல ஜன்னல்கள் அந்த வெளிச்சத்திலிருந்து கத்தரித்து எடுத்தவைபோல இருந்தன. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய போர்வை தொங்கியது. தையற்காரர் அதை விலக்கிக்கொண்டு உள்ளே போய், நடுவில் நின்று, பிறர் வீட்டுக்கு வந்தவர்போலக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

“ஒத்துக்கணும்,” என்றார் மெதுவாக. “நல்லாத்தான் செஞ்சிருக்கான்.”

மச்சான் சுவர், தரை, மூலை எல்லாவற்றையும் படம் எடுத்தான். துப்பறிவாளர் ஏணியில் ஏறிக் கூரைத் தகரத்தைத் தடவிப் பார்த்தார். இறங்கிவந்து மூலையில் ஒதுக்கியிருந்த மரத்தூளைக் கிளறினார். மெல்லிய மரத்துண்டுகள் கை நிறைய வந்தன. எல்லாம் ஒரே அகலம், சுமார் ஒரு இஞ்ச். ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு, தையற்காரரிடம், “ஒரு நிமிஷம் உக்காருங்க. நாங்க வெளிய போய் ஒண்ணு பார்த்துட்டு வர்றோம்,” என்றார்.

வெளியே படியில் ஒரு பெண் வந்து நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை, கையில் கீல்கள் சுற்றிய காகிதப் பொட்டலம். கூலியாள் ஒருவன் புதுக்கதவைச் சுவரில் சாய்த்துவிட்டு இறங்கிப் போனான்.

“அவர் உள்ள இருக்காரா?” என்றாள். துப்பறிவாளர் தலையசைத்ததும் மூச்சு விட்டாள். “தபால் ஆபீஸ்ல அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன். வீட்டுல இல்லேன்னதும் இங்கதான் இருப்பார்னு தெரியும். நீங்க யாரு?”

“அவர் என்கிட்ட ஒரு ஆளைக் கண்டுபிடிக்கச் சொன்னார்மா. உங்களோட சேர்ந்து இந்த வீட்டைக் கட்டற ஆளை.”

அவள் சிரிக்க முயன்றாள். முடியவில்லை. “கண்டுபிடிச்சீங்களா?”

“அத்தான், எனக்குச் சொல்லுங்க முதல்ல,” என்றான் மச்சான். “ஒரே வாரத்துல எப்படி முடிச்சாங்க?”

“ஒரு வாரத்துல இல்ல மச்சான். கூரை ஆணித் தலையெல்லாம் துரு ஏறி, தகரத்துல ஒழுகிக் காய்ஞ்சிருக்கு. ரெண்டு மழைக்காலமாவது அது மேல போயிருக்கணும். நாயைப் பார்த்தே இல்ல? அந்தக் குட்டிதான் அது, ஒரே வாரத்துல இவ்வளவு பெருசாகாது. வீடு மெதுவாத்தான் எழுந்திருக்கு. அந்த வாரம்தான் உள்ள இருக்கறவர் மனசுல அப்படியே நின்னுபோச்சு.”

மச்சான் நீல ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

துப்பறிவாளர் பையிலிருந்து மரத்துண்டை எடுத்தார். “இது யாருன்னு சொல்லுச்சு. தச்சன் அளந்தா அளந்த இடத்துலயே அறுப்பான். இங்க ஒவ்வொரு பலகையையும் ஒரு இஞ்ச் கூடுதலா அறுத்திருக்காங்க. வெச்சுப் பார்த்தா பொருந்தல. மறுபடி அந்த ஒரு இஞ்சை அறுத்து எடுத்திருக்காங்க. ஒரு தடவை இல்ல, எல்லாப் பலகையிலயும். அனுபவம் இல்லாதவன் பண்ற தப்புன்னா ஒண்ணு கூடும், ஒண்ணு குறையும். இது ஒரே மாதிரி தப்பு. பழகின கையோட தப்பு. அளவுக்கு மேல எப்பவும் ஒரு இஞ்ச் விடற தொழில் எது?”

“தையல்,” என்றான் மச்சான். அவன் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை. “மடிச்சுத் தைக்கறதுக்கு விடுவாங்க.”

“மரத்துக்கும் மடிப்புக்கு இடம் விட்டிருக்கார் மனுஷன். சுத்தியல் தப்பி விரல்லயும் அடிச்சுக்கிட்டார். அது தச்சருக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல.” துப்பறிவாளர் அவள் பக்கம் திரும்பினார். “கூரையில இருந்து விழுந்தாராம்மா?”

அவள் படியில் உட்கார்ந்தாள். கீல் பொட்டலம் மடியில் இருந்தது.

“பழைய கூரையைப் பிரிச்ச அன்னிக்கே. உத்திரம் உளுத்துப்போயிருந்தது, எங்க ரெண்டு பேருக்கும் தெரியல. அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் அவருக்குத் துல்லியமா ஞாபகம் இருக்கு. அதுக்கப்புறம் எதுவும் தங்க மாட்டேங்குது. ஒரு நாள் பொழுது தாங்கும், தூங்கி எழுந்தா போயிடும். தினமும் காலையில, ‘மழைக்கு முன்னாடி தகரம் போட்டுடணும்’னு சொல்லிக்கிட்டே எழுந்திருப்பார்.”

“இங்க கூட்டிட்டு வந்து வேலை செய்வீங்க.”

“ஞாயிற்றுக்கிழமை. சுத்தியலைக் கையில குடுத்துட்டா போதும், பழைய ஆள் ஆயிடுவார். ‘நாம செஞ்சதுதான்’னு நான் சொன்னா நம்பிக்கிட்டு நாள் முழுக்க நல்லா இருப்பார். நடுவுல ஒரு நாள் தனியா இங்க வந்து பார்த்துட்டா தொலைஞ்சது. எவன் செஞ்சான், எவனோட சுத்தறேன்னு. அவர் செஞ்ச வேலையைப் பார்த்து அவரே பொறாமைப்படறார் சார். நான் யாருகிட்ட போய்ச் சிரிக்க?”

“உண்மையைச் சொல்லலாமே அக்கா?” என்றான் மச்சான்.

“சொல்லாமலா இருப்பேன்? ஒவ்வொரு தடவையும் அப்போதான் விழுந்த மாதிரி அழுவார். ‘இத்தனை நாளா நான் இல்லையா’ன்னு கேட்பார். மறுநாள் அதுவும் மறந்துடும், நான் மட்டும் வெச்சுக்கணும். அதுக்கு என்மேல சந்தேகப்பட்டாலே தேவலன்னு விட்டுட்டேன். திட்டறப்போ ஆம்பளையா, முழுசா இருக்கார்.”

ஏரியில் ஏதோ ஒரு பறவை தண்ணீரைத் தொட்டுவிட்டு எழுந்தது.

“இன்னிக்குக் கதவு மாட்டிடுவேன்,” என்றாள் அவள். “மாட்டிட்டு வித்துடப் போறேன். வாங்கறதுக்கு ஆள் வந்து பார்த்துட்டாங்க. அவரை அவங்க அக்கா கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு வேற ஊருக்கு மாற்றல் கேட்டிருக்கேன். என்னைத் தப்பா நினைக்காதீங்க. ஒரு மனுஷனுக்கு தினமும் புதுசா பொண்டாட்டியாகூட இருந்துடலாம். தினமும் புதுசா குற்றவாளியா இருக்க முடியல.”

அப்போதுதான் துப்பறிவாளர் நிமிர்ந்து பார்த்தார். எதையும் தவறவிடாதவர் என்று பெயரெடுத்த மனிதர் ஒன்றைத் தவறவிட்டிருந்தார். கதவு மாட்டாத வீட்டில் வாசலில் பேசுவதும் உள்ளே பேசுவதும் ஒன்றுதான்.

போர்வை விலகியது. தையற்காரர் நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. கறுத்த நகத்தை மற்றக் கையால் மூடியிருந்தார்.

“எத்தனை மழைன்னார் அவர்?” என்று மனைவியிடம் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். பொட்டலம் விழுந்து கீல்கள் படியில் சிதறின. யாரும் குனிந்து எடுக்கவில்லை.

“ரெண்டு. இது மூணாவது.”

“நான் அவ்வளவு நாளாவா இல்ல?”

“இருந்தீங்க,” என்றாள். “ஞாயிற்றுக்கிழமை எல்லாம் இருந்தீங்க.”

அவர் படியில் இறங்கி அவளுக்கு இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அழுவார் என்று மச்சான் நினைத்தான். அழவில்லை. புதுக்கதவைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். ஒரு துணியின் அளவு தெரிந்த பிறகு எங்கே வெட்டுவது என்று யோசிப்பவரின் பார்வை அது.

“ஞாயிற்றுக்கிழமை வர்றவன் எப்படி? உன்கிட்ட நல்லபடியா நடந்துக்கறானா?”

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “நடந்துக்கறார்.”

“பேசுவானா?”

“பாடுவார். சுருதியே சேராது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்க எட்டிப் பார்ப்பாங்க.”

“உன்னைத் திட்டுவானா?”

“ஒரு தடவைகூட இல்ல.”

அவர் தலையசைத்தார். துப்பறிவாளர் மச்சானின் தோளைத் தொட்டு, போகலாம் என்று சைகை காட்டினார். மச்சான் நகரவில்லை.

“எனக்கு இது இன்னிக்குத் தூங்கற வரைக்கும்தான் தெரியும், இல்ல? அதனால இப்பவே சொல்லிடறேன்.” தையற்காரர் மனைவியின் கையைப் பிடிக்கவில்லை. தன் கைகளை முழங்காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டார். “நாளைக்குக் காலையில எழுந்து ஒருத்தன் உன்னைச் சந்தேகப்படுவான். கத்துவான். அவனை அக்கா வீட்டுக்கு அனுப்பு, என்ன வேணா பண்ணு, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஞாயிற்றுக்கிழமை ஆள் இருக்கான் பாரு. அவனை மட்டும் விட்டுடாதேம்மா.”