மஃரிபுக்கு ஷுக்ரியின் பெயரில்

ஷுக்ரியின் கணினி கடவுச்சொல் கேட்டது. அவன் இருந்தவரை அது ஒருநாளும் கேட்டதில்லை. பொத்தானை அழுத்தினால் திறந்துகொள்ளும். வீட்டுக்குள்ளே யாருக்கு யார் ஒளிக்கப் போகிறோம் என்பான். அவன் மவுத்தாகி முப்பத்தோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, ஒல்ஃபா அந்தக் காலிக் கட்டத்தை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் காபி பொங்கி வழிந்து கருகும் வாசனை வந்தது. எழுந்து போய் அணைக்க வேண்டும் என்று தெரிந்தது, எழத்தான் இல்லை. காபெஸ் சாலையில் லாரி அடித்துக் கணவன் போனதிலிருந்து எல்லாமே அவளுக்கு இப்படித்தான். தெரியும், ஆனால் உறைக்காது.

உறைத்தது ஒன்றே ஒன்று, மகள் யுஸ்ரா. இரண்டாம் வகுப்பு. ஐந்து மணிக்குப் பள்ளி விட்டால் கழுத்துச் சாவியோடு தனியாக மூன்று மாடி ஏறி வந்து, மருந்துக்கடை வேலை முடிந்து ஒல்ஃபா திரும்பும்வரை ஒரு மணி நேரம் வீட்டில் இருப்பாள். ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் டிசம்பர் மாதம் மஃரிப், பொழுது சாயும் தொழுகை வேளை, சரியாக அந்த நேரத்தில்தான் வந்து விழும். ஒன்பதாம் நாள் யுஸ்ரா சாதாரணமாகச் சொன்னாள், "உம்மா, மஃரிபு நேரத்துல பாபா உள் ரூம்ல இருமுறாரு." எதிர்வீட்டு ஸுஆத் அதைக் கேட்டுவிட்டு, அந்த நேரம் வீட்டில் குர்ஆனின் சூரா பகரா ஓடவேண்டும், ஓதல் கேட்கிற வீட்டில் வேறு எதுவும் தங்காது என்றாள். தெருவில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. பிள்ளையை நம்பி அதை விடமுடியாது, விளையாட்டு புத்தி. நேரம் வந்தால் கணினி தானாகவே ஓதும்படி ஒரு வேலையை அதில் போட்டுவைக்க வேண்டும்.

ஷுக்ரியின் தம்பி மெஹ்ரெஸ் சந்தைப் பக்கம் செல்போன் பழுது பார்க்கிறவன். அவனைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"மழைக்கு கரண்ட் போயிட்டுப் போயிட்டு வரும் அண்ணி. கம்ப்யூட்டர் திரும்ப எழுந்துக்கும்போது யாரும் உள்ள நுழைஞ்சிருக்க மாட்டாங்க. அதனால, ஆள் உள்ள இருந்தாலும் இல்லாட்டியும் ஓட்டுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்க, அதத் தொடுங்க."

"தொட்டேன். பாஸ்வேர்ட் கேக்குது. எதுவும் போடாம விட்டா வேணாங்குது."

"வெத்துப் பாஸ்வேர்ட அது ஏத்துக்காது. புதுசா ஒண்ணு வச்சிடுங்க."

"உங்க அண்ணன் வச்சதே இல்லியே."

"அவருதானே, வாசக் கதவையே தொறந்து போட்டுட்டுத் தூங்குற ஆளு." சொல்லிவிட்டு மெஹ்ரெஸ் சிரிக்கப் போனான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

ஒல்ஃபா மகள் பிறந்த தேதியை வைத்தாள். கணினி ஏற்றுக்கொண்டது. ஐந்து ஏழுக்கு மஃரிப், ஐந்து ஏழுக்கு ஓதல்.

திங்கட்கிழமை கடையிலிருந்து வீட்டுக்கு அழைத்தாள். யுஸ்ரா ரொட்டியில் ஹரீஸா மிளகாய் விழுது தடவித் தின்றுகொண்டிருந்த மெல்லும் சத்தத்துக்குப் பின்னால், ஓதுகிறவரின் கனத்த நிதானமான குரல் கூடத்துச் சுவர்களில் பட்டுப்பட்டு வந்தது. ஒரு மாதத்தில் முதல்முறையாக ஒல்ஃபாவின் நெஞ்சு கொஞ்சம் இளகியது. செவ்வாய்க்கிழமையும் அழைத்தாள். ஓதல் கேட்டது. நடுவில் யுஸ்ரா சிரித்தாள்.

"யாருகிட்ட சிரிக்கிற?"

"யாருகிட்டயும் இல்லியே."

மஃரிப் ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு நாளைக்கொரு முறை ஒரு நிமிடம் நகரும். பள்ளிவாசல் பாங்குக்கும் ஓதலுக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட வீடு காலியாக இருக்கக் கூடாது என்று ஸுஆத் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்ததும், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், ஐந்து ஏழை ஐந்து எட்டாக்கப் போனாள். மாற்றத்தைச் சேமிக்கக் கடவுச்சொல் கேட்டது. அடித்தாள். தவறு என்றது. நிதானமாக, எண் எண்ணாக அடித்தாள். தவறு.

"எங்க கடைக்கு வர்றதுல பாதிப் பேருக்கு இதான் வியாதி" என்றான் மெஹ்ரெஸ். "கீபோர்ட் பிரெஞ்சுல இருந்தா எண்ணுக்கு ஷிஃப்ட் அழுத்தணும், அரபில இருந்தா வேணாம். கட்டத்துல வெறும் புள்ளிதானே தெரியுது, நீங்க என்னத்த அடிக்கிறீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ரெண்டு மாதிரியும் அடிச்சுப் பாருங்க."

இரண்டு மாதிரியும் அடித்தாள். இரண்டும் தவறு. அவன் சொல்லச் சொல்ல, கணினி தன் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பட்டியலைத் திறந்தாள். அதில் இருந்ததை அவனுக்கு வாசித்தாள். கடவுச்சொல் மாற்றப்பட்டது. இன்று, மாலை ஐந்து முப்பத்தொன்று. இதே விசைப்பலகையிலிருந்து.

ஐந்து முப்பத்தொன்றுக்கு அவள் கடையில் ஒரு கிழவருக்குச் சர்க்கரை மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தொலைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். யுஸ்ரா தரையில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டரத் தொட்டியா?"

"நான் தொடல. பாபாதான் மாத்துனாரு."

"என்னன்னு மாத்துனாரு?"

"காதுல சொன்னாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதாம்." பச்சைப் பென்சிலைத் தேடி எடுத்துக்கொண்டாள் யுஸ்ரா. "அவரு வாய் ரொம்ப சில்லுனு இருக்கு உம்மா."

பயம் வரும் என்று ஒல்ஃபா காத்திருந்தாள். வரவில்லை. குதிகால் மட்டும் குளிர்ந்தது. தொலைபேசியை மறுபடி காதில் வைத்தபோது, எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்த மெஹ்ரெஸின் குரல் மாறியிருந்தது.

"அண்ணி, அந்த வேலைய யாரு பேருல போட்டீங்க?"

"அதுல என்ன பேரு இருந்துச்சோ அது. ஷுக்ரின்னு இருந்துச்சு."

"அது எப்படின்னா, யாரு பேருல இருக்கோ அவங்க உள்ள வந்ததா வச்சுத்தான் அது வேலையத் தொடங்கும். தினம் மஃரிபுக்கு அண்ணன் உள்ள வந்தாத்தான் ஓதலே ஆரம்பிக்கும்." உடனே அவசரமாகச் சேர்த்தான். "கம்ப்யூட்டர் கணக்குல சொல்றேன். வேற ஒண்ணுமில்ல. அதோட சுவர் சுவிட்சையே அணைச்சுப் போட்டுடுங்க. வெள்ளிக்கிழமை நான் வந்து எல்லாத்தையும் அழிச்சுடறேன்."

அவன் வராமல் இருக்கட்டும் என்றுதான் அவள் இத்தனையும் செய்தாள். அவள்தான் நேரம் குறித்து, பெயர் சொல்லி, தினம் தவறாமல் கூப்பிட்டிருக்கிறாள். அன்றைக்கு இரவு மகளைத் தன்னோடு அணைத்துப் படுத்தவள், அந்தச் சின்னக் காதின் மடலைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு காது வெதுவெதுப்பாக இருந்தது. மற்றது அப்படி இல்லை.

வியாழக்கிழமை காலை கணினியின் சுவர் சுவிட்சை அணைத்தாள். வீட்டுச் சாவியை யுஸ்ராவின் கழுத்திலிருந்து கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பள்ளி வாசலில் நில், நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று மூன்று முறை சொல்லி, மூன்று முறையும் அவளைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். நாலரைக்குக் கடையில் சொல்லிவிட்டு இறங்கினாள். நல்ல மழை. ஈரக் கம்பளி நாற்றமடிக்கும் கூட்டத்தோடு ஷேர் டாக்சி வரிசையில் நின்று, ஒன்று நிறைந்து போய், இரண்டாவதும் நிறைந்து போய், மூன்றாவதில் ஏறிப் பள்ளியை அடைந்தபோது ஐந்து பதினைந்து. தெருவில் பாங்கு முடிந்திருந்தது. வாசல் பூட்டியிருந்தது.

"பொண்ணு அப்பவே போயிடுச்சே" என்றார் காவல்காரர். "யாருகூடவோ பேசிக்கிட்டே போச்சு. கூட யாரையும் நான் பாக்கல."

ஓடினாள். செருப்புக்குள் தண்ணீர் புகுந்து சப்சப்பென்றது. மாடிப்படி விளக்கு எரியவில்லை. முதல் மாடியில் யார் வீட்டிலோ மீன் பொரிக்கும் வாசனையும் பாத்திரச் சத்தமும் குழந்தை அழுகையும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, மேலிருந்து, கனத்த நிதானமான அந்தக் குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது.

ஓதல்.

இரண்டாம் மாடி. தெளிவாகக் கேட்டது. ஒரு சொல் தப்பவில்லை.

மூன்றாம் மாடி. வீட்டுக் கதவு திறந்திருந்தது. சாவி அவள் பையில் இருந்தது.

உள்ளே நடந்தாள். கூடம் இருட்டு. சுவர் சுவிட்ச் காலையில் அணைத்தபடியே இருந்தது. கணினித் திரையின் வெளிச்சம் மட்டும் நீலமாக விழுந்தது. ஓதுகிற வீட்டில் எதுவும் தங்காது என்று ஸுஆத் சொன்னதை ஒல்ஃபாவின் உதடுகள் முணுமுணுத்தன. ஓதல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அறை நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

"யுஸ்ரா."

மகள் திரையைப் பார்த்து, இவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஷுக்ரியின் சாய்மானமில்லாத சுழல் நாற்காலியில். இல்லை. நாற்காலியில் இல்லை. அதன் மெத்தைக்கு ஒரு சாண் மேலே. மெத்தை அழுந்திப் பள்ளமாகியிருந்தது. பள்ளத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒன்றுமில்லை. அதன் வழியாகத் திரையின் நீலம் தெரிந்தது.

கால்கள் அந்தரத்தில் தொங்கின. தலை பின்னால் சாய்ந்து, காற்றில் ஊன்றி நின்றது.

இடுப்பில் சட்டை கசங்கியிருந்தது. ஐந்து மடிப்பு. விரல் விரலாக.

"உம்மா வந்துட்டாங்க" என்றாள் யுஸ்ரா, யாரிடமோ, தூக்கக் கலக்கத்தோடு.

மடிப்புகள் இறுகின. நாற்காலி மெதுவாக வாசல் பக்கம் திரும்பத் தொடங்கியது.