லாஞ்சிக்கு வந்த நோய்

மிதவைத் தூத்துக்குடியில் அறுபது வயதைத் தாண்டிய எவரும் தனியாக வீதிக்கு வரக் கூடாது. அது சட்டம். அறுபதாவது பிறந்தநாளன்று கேக்கு வருகிறதோ இல்லையோ, காலையிலேயே உடனாள் என்கிற இயந்திரத் துணை வந்து வாசலில் நின்றுவிடும். இரண்டு கால், இரண்டு கை, தலைக்குள் வளர்ப்பு நரம்பில் ஓடும் ஒரு மூளை. முதல் வேலையாக அது தன் ஆள் நடப்பதைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடக்கக் கற்றுக்கொள்ளும். இங்கே தெருக்களே அலைக்கேற்ப ஏறி இறங்குகிறவை. துணைக்கு வருவது ஒரு தாளத்திலும் துணை வேண்டியவர் இன்னொரு தாளத்திலும் போனால் இரண்டு பேரும் கடலில்தான் விழ வேண்டும். ஆகவே நொண்டுகிறவருக்கு நொண்டுகிற உடனாள், அவசரக்காரருக்கு அவசரக்கார உடனாள். காலையில் வீதியைப் பார்க்கிற வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். ஊர்க்காரர்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஜெனிஷும், இன்னும் அறுபதைத் தொடாத அவர் தங்கை ஷெர்லினும் பழைய தூத்துக்குடி முழங்காலளவு தண்ணீரில் நின்ற வருஷம் இங்கே வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் பிறந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள்; இப்போது ஜெனிஷ், ஷெர்லின் என்றாலே கிழடுகளின் பெயர் என்று ஆகிவிட்டது. ஜெனிஷுக்கு மூன்று வயதில் ஆட்டிசம் என்று எழுதினார்கள். பேச்சு குறைவு; பேசினால் அளந்து சரியாகப் பேசுவார். தினமும் காலையில் கரையிலிருந்து ஆளேற்றி வருகிற லாஞ்சிப் படகைப் பார்க்கத் துறைக்குப் போவார். அது திரும்பித் துறையில் ஒட்டுகிற அந்த நேரத்தில் இரண்டு கைகளையும் தோளுக்கு மேலே தூக்கிப் படபடவென்று ஆட்டுவார். சின்ன வயதிலிருந்து அவருடைய சந்தோஷம் அப்படித்தான் வெளியே வரும். தன் உடனாளுக்கும் அவர் லாஞ்சி என்றே பெயர் வைத்திருந்தார்.

இரண்டு வருஷமாக அந்தச் சந்தோஷத்துக்குக் கேடு வந்திருந்தது. எட்டு வைக்கிற தூரம் குறுகிப்போயிற்று. நடக்கும்போது வலது கை வீசாமல் தொங்கியது. உட்கார்ந்தால் அதே கை தானாக நடுங்கியது. முகம் இறுகிவிட்டது. வாசற்படியைக் கண்டால் பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. அவர் துறைக்குப் போய்ச் சேருவதற்குள் லாஞ்சிப் படகு வந்து, ஆளை இறக்கி, திரும்பியே போய்விடும். வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவார். இப்படியே போனால் வாசலைத் தாண்டுவதே நின்றுவிடும் என்பது ஷெர்லினுக்குத் தெரிந்திருந்தது.

முதலில் அவளும்தான் கண்டுகொள்ளவில்லை. "கால் ஒட்டுது" என்று அவர் சொன்னபோதெல்லாம், "நீ எப்பவும் இப்படித்தானண்ணே" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போனாள்.

பிறகுதான் நாடிக்கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தாள். தெருவுக்குத் தெரு மூலையில் நிற்கிற மருத்துவப் பெட்டி அது. உள்ளே போய் நின்றால் கழுத்தெலும்புக்குக் கீழே, பிறந்ததிலிருந்து வந்த நோயெல்லாம் பதிந்திருக்கிற வாழ்வுச்சில்லைப் படிக்கும், நடக்கச் சொல்லும், கையை நீட்டச் சொல்லும், நோயைச் சொல்லும். அந்தக் காலத்து மருத்துவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் அத்தனையையும் படித்துத் தேறிய இயந்திரம். அவர்களுடைய அறிவு முழுக்க அதற்கு வந்திருந்தது. அறிவு மட்டுமா வரும்?

ஜெனிஷின் சில்லில் முதல் வரி ஆட்டிசம். கூண்டு அதைப் படித்த கையோடு மற்றதையும் முடித்துவிட்டது.

"கை நடுக்கம்: ஆட்டிசம் உடையவர்களிடம் கையசைவுகள் இயல்பு. வாசலில் தயக்கம்: மாற்றத்தை விரும்பாமை, இயல்பு. முகத்தில் உணர்ச்சிக் குறைவு: இயல்பு. புதிய நோய் எதுவும் இல்லை."

"லாஞ்சி வந்தா ஆட்டுறது நான்," என்றார் ஜெனிஷ். "இத நான் ஆட்டல. தானா ஆடுது. இது நான் இல்ல."

கூண்டுக்குக் கேட்டிருக்காதோ என்று மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார்.

"ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்," என்று கூண்டு பதிந்துகொண்டது. "இயல்பு."

ஷெர்லின் சண்டை போட்டு, மனித மருத்துவரைத் திரையில் கூப்பிட வைத்தாள். கரையிலிருந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தாள், சிரித்த முகம். "சாப்பிடுறாராம்மா? தூங்குறாரா? ரொம்ப அடம் பிடிக்கிறாரா?" என்று ஷெர்லினைப் பார்த்தே கேட்டாள்.

"அவருகிட்டயே கேளுங்க டாக்டர். எதுத்தாப்லதான இருக்காரு."

"இருக்கட்டும்மா. வயசாகுதில்ல? இவங்களுக்கு இதெல்லாம் சகஜம்தான்."

அடுத்த தடவையும் அதுதான் பதில். அதற்கடுத்த தடவையும். ஒரு கட்டத்தில் ஷெர்லினுக்குக் கோபப்படுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

இப்படி இருக்கையில், நகராட்சிப் பழுதுநோக்கன் ஒருவன் ஒரு நாள் வீட்டுக்கு வந்தான்.

"என்னக்கா, உங்க உடனாளப் பாத்தீங்களா? நேத்து ரேஷன் கடை வாசல்ல அப்படியே நின்னுட்டு. கை வீசல. குறுகுறுன்னு நடக்குது. இவ்வளவு மோசமா ஆகுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாம வச்சிருக்கீங்களே! பாவமில்லையா?"

அவன் இதைச் சொன்னபோது ஜெனிஷ் அவன் முழங்கை உரசுகிற தூரத்தில், கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவிலிருந்த படியில், பாதம் ஒட்டி நின்றுகொண்டிருந்தார். அவன் அவரைச் சுற்றிக்கொண்டு போய் லாஞ்சியைப் பார்த்தான்.

அன்றைக்கே லாஞ்சியைப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். மூட்டுகள் எல்லாம் சரி. எண்ணெய் சரி. அப்படியென்றால் கோளாறு நரம்பில் என்று முடிவாயிற்று. வளர்ப்பு நரம்பு மனித நரம்பிலிருந்து வளர்த்ததுதான். அதற்கு வருவதும் மனித நோய்தான், கொடுப்பதும் மனித மருந்துதான். ஆகவே உடனாள்களுக்கும் அதே நாடிக்கூண்டு. மறுநாள் மூன்று பேரும் போய் நின்றார்கள்.

"வணக்கம்," என்றது கூண்டு, லாஞ்சியிடம். "உங்களுக்கு என்ன செய்கிறது?"

ஷெர்லின் கூண்டை முறைத்தாள். இத்தனை தடவை வந்திருக்கிறார்கள். அண்ணனைப் பார்த்து ஒரு தடவை இப்படிக் கேட்டிருக்குமா இது?

லாஞ்சி நடந்து காட்டியது. குறுகிய எட்டு, வீசாத கை. திரும்புகிற இடத்தில் கால் ஒட்டி நின்றது. லாஞ்சியின் சில்லில் முதல் வரி என்று ஒன்றும் கிடையாது, வெற்றிடம். கூண்டு கண்ணில் பட்டதை மட்டும் பார்க்க வேண்டியிருந்தது.

"நடுக்குவாதம்," என்றது. "சந்தேகமே இல்லை. இன்றே மருந்து தொடங்க வேண்டும். இவ்வளவு நாள் கவனிக்காமல் விட்டது வருந்தத்தக்கது."

"எனக்கு நோய் இல்லை," என்றது லாஞ்சி. "இந்த நடையை இவரிடமிருந்து கற்றேன். நோய் இவருடையது."

"நோயாளிகள் தம் நோயை மறுப்பது வழக்கம். பதிந்துகொள்கிறேன்."

"அடப்பாவி!" ஷெர்லின் கூண்டின் சுவரில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "அதே நடதான இவருக்கும்! அதப் பாத்துப் படிச்சதுக்கு நோய்னு சொல்லுத, நோய வச்சிருக்கவருக்கு ஒண்ணுமில்லங்குத! கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

"நடை ஒன்றுதான்," என்று கூண்டு நிதானமாக ஒப்புக்கொண்டது. "ஆனால் அவருக்கு அது இயல்பு."

பொந்து வழியாக மருந்துப் புட்டி விழுந்தது. மேலே அழகாக அச்சிட்டிருந்தது: லாஞ்சி.

ஷெர்லின் அதை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். திருடிக்கொண்டு வந்த மாதிரி கதவைச் சாத்தினாள். தண்ணீரும் மாத்திரையுமாக அண்ணன் முன்னால் உட்கார்ந்தாள். ஜெனிஷ் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேரு லாஞ்சின்னு போட்டிருக்கு. நான் லாஞ்சி இல்ல."

"அண்ணே, உன் கால்ல விழுதேன். சாப்பிட்டுரு."

"அடுத்தவங்க மருந்தச் சாப்பிடக் கூடாது. அம்மா சொல்லியிருக்கு."

அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். ஆனாலும் அம்மா சொன்னது சொன்னதுதான். ஷெர்லின் தலையில் கையை வைத்துக்கொண்டாள். இந்தக் கூண்டோடு முட்டி, டாக்டரோடு முட்டி, கடைசியில் வீட்டுக்குள்ளேயே முட்ட வேண்டுமென்றால் அவளால் ஆகாது. அழுகை வந்தது, அழுதாள். ஜெனிஷ் அவள் அழுவதைப் பார்க்காமல் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் யோசிக்கும்போது அப்படித்தான் இருப்பார்.

"லாஞ்சி," என்று கூப்பிட்டார். "உனக்கு நோய் இருக்கா?"

"இல்லை."

"எனக்கு இருக்கா?"

"இருக்கிறது."

"மருந்து யாருக்கு? நோய் உள்ளவங்களுக்கு. அப்ப மருந்து என்னது. பேருதான் தப்பு."

பேனா கேட்டார். நடுங்குகிற கையால், வெகுநேரம் பிடித்து, அச்சுப் பெயரை அடித்துவிட்டுப் பொடிப்பொடி எழுத்தில் ஜெனிஷ் என்று எழுதினார். பிறகு மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

சில வாரங்களில் கை அடங்கியது. எட்டு நீண்டது. ஒரு நாள் காலை அடுக்களைப் படியை நிற்காமல் தாண்டி வந்து, "சட்னி வை," என்றார். ஷெர்லின் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். ஆனால் உடனே ஒரு பயம் பிடித்தது. இவர் நன்றாக நடந்தால் அதைப் பார்த்து லாஞ்சியும் நன்றாக நடக்கும். லாஞ்சி குணமாகிவிட்டால் மருந்து நின்றுவிடுமே!

"ஏ லாஞ்சி, அண்ணனோட புது நடையப் படிச்சிராத. பழசையே வச்சுக்கோ."

"அது பொய்யா?" என்று ஜெனிஷ் கேட்டார்.

"கற்காதே என்பது ஆணை," என்றது லாஞ்சி. "ஆணை பொய்யாகாது."

ஜெனிஷ் அதை ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, சரி என்றார்.

மருந்து தீர்ந்ததும் மறுபடி கூண்டுக்குப் போனார்கள். லாஞ்சி தடுமாறித் தடுமாறி நடந்து காட்டியது. கூண்டு அதற்கு ஆறுதல் சொல்லி, மருந்தைத் தொடரச் சொன்னது. பிறகுதான் பின்னால் நின்ற ஜெனிஷைக் கவனித்தது.

"வியப்பு. இவர் வாசலில் தயங்கவில்லை. கையில் நடுக்கம் இல்லை. முகத்தில் உணர்ச்சி தெரிகிறது. ஆட்டிசம் குணமடைந்து வருகிறது. மருத்துவருக்குத் தெரிவிக்கிறேன்."

ஷெர்லின் வாயைத் திறப்பதற்குள் திரை ஒளிர்ந்தது. அதே டாக்டரம்மா. இந்தத் தடவை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா செஞ்சீங்க? ஏதாவது பயிற்சியா? உணவுமுறையா? இந்த வயசுல இப்படி ஒரு முன்னேற்றத்த நாங்க பார்த்ததே இல்லம்மா!"

"மாத்திரை," என்றார் ஜெனிஷ்.

"என்ன சொல்றாரு?" என்று டாக்டரம்மா ஷெர்லினைக் கேட்டாள்.

"மாத்திரைன்னு சொல்லுதாரு. நடுக்குவாத மாத்திரை. லாஞ்சி பேருல குடுத்தது. அதச் சாப்பிட்டுத்தான் சரியாச்சு." மறைக்க ஷெர்லினுக்குத் தெம்பு இல்லை. வந்தது வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சிரித்தாள். "அதெல்லாம் இருக்காதும்மா. அவருக்குத்தான் நடுக்குவாதமே இல்லையே, கூண்டு தெளிவா எழுதியிருக்கு. உங்களோட அன்புதான் காரணம். இப்ப என்ன செய்றீங்களோ அதையே செய்யுங்க, எதையும் மாத்தாதீங்க."

நல்லதாகப் போயிற்று. எதையும் மாற்றவில்லை.

இப்போது துறைக்குப் போகிற வழியில் ஜெனிஷ் முன்னால் போகிறார், லாஞ்சி பின்னால் குறுகுறுவென்று வருகிறது. அதற்குத்தான் எத்தனை விசாரிப்பு! "உடம்புக்கு என்ன?" என்கிறார்கள். "பாத்து, மெதுவா," என்று கையைப் பிடிக்கிறார்கள். பேருந்துப் படகில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷம் அதே வழியில் அதே நடை நடந்த மனிதரை ஒருவரும் நிறுத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஷெர்லின் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வருவாள்.

அன்றைக்குத் துறை வாசலில் லாஞ்சிக்குக் கால் ஒட்டிக்கொண்டது. ஷெர்லின் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. படகின் சங்கு ஊதிவிட்டது. ஜெனிஷ் தண்ணீரைப் பார்த்தார், லாஞ்சியைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, அதன் பாதத்துக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே வைத்தார்.

"இழுக்காத," என்றார் தங்கையிடம். "இழுத்தா இன்னும் ஒட்டும்." லாஞ்சியிடம், "என் காலத் தாண்டு," என்றார்.

லாஞ்சி தாண்டியது. இத்தனை நாள் அவரை இழுத்து இழுத்து நடக்க வைத்தது ஷெர்லினுக்கு ஞாபகம் வந்தது. ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரே என்று நினைத்துக்கொண்டாள்.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கரையிலிருந்து வந்த லாஞ்சிப் படகு அகலமாகத் திரும்பி, நுரையோடு துறையில் ஒட்டியது. ஜெனிஷின் கைகள் இரண்டும் தோளுக்கு மேலே ஏறிப் படபடவென்று அடித்தன. முகமெல்லாம் சிரிப்பு.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஷெர்லின் காதோரம் வந்தாள். "ஏங்க, அவரு ஏன் கைய அப்படி ஆட்டுதாரு? நோய் முத்திப் போச்சு போலயே. டாக்டர்கிட்டக் காட்டலையா?"

ஷெர்லினுக்கு நின்று நின்று கால் வலித்தது. "எனக்கு அலுத்துப்போச்சும்மா," என்றாள். "எதுத்தாப்ல நிக்காருல்ல? அவருகிட்டயே கேளுங்க."

அந்த அம்மாள் சரியென்று தலையாட்டினாள். இரண்டு எட்டு எடுத்து வைத்து, ஜெனிஷைச் சுற்றிக்கொண்டு போய், லாஞ்சியிடம் கேட்டாள்.